பிள்ளை இன்னும் பேசவில்லையா? முதலில் காதைப் பாருங்கள்



1977 கலவரத்தோடு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் நம்மில் பலருக்குச் சொந்தம். என் சித்தப்பா குடும்பமும் அப்படித்தான் கிளிநொச்சிக்குப் போனது. அங்கே தங்கச்சிக்கு 2006இல் ஒரு மகன் பிறந்தான். 2009இல் சண்டை முடிகிற நேரம் அவனுக்கு மூன்று வயது. இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிக்குளம் முகாமில் இருந்தார்கள்.

2011இல் போய்ப் பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளை, "அம்மா", "தா", "இல்ல", இப்படி நாலைந்து சொல்தான். "செல் சத்தத்துல பயந்துட்டான் அண்ணே, போகப் போகச் சரியாயிடும்" என்றாள் தங்கச்சி. நாக்கில் வசம்பு தடவிப் பார்த்திருந்தார்கள். "இவன் தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினார்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். நானும் நம்பிவிட்டு வந்தேன். உத்தியோகம் பார்க்கிற எனக்கே அன்றைக்கு விளங்கவில்லை.

இரண்டாம் வகுப்பில் டீச்சர்தான் காதைச் சோதிக்கச் சொன்னார். இரண்டு காதிலும் செவிப்பறையில் ஓட்டை. முகாமில் இருந்த காலத்திலிருந்தே சீழ் வடிந்திருக்கிறது. கதவு அடித்தால் திரும்புவான், அதனால் காது நல்லம் என்று நினைத்துவிட்டார்கள். சத்தம் கேட்பது வேறு, பேச்சு விளங்கக் கேட்பது வேறு. காதில் தெளிவாக விழாத சொல் வாயில் எப்படி வரும்? மருந்தும் காதுக் கருவியும் கிடைத்த பிறகு பேச்சு வந்தது. படிப்புதான் பின்தங்கியே போனது. இப்போது கராஜில் வேலை, கெட்டிக்காரன். ஆனால் ஒரு கடிதத்தை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான்.

பேசப் பிந்துகிற எல்லாப் பிள்ளைக்கும் காதுதான் காரணம் என்று சொல்லவில்லை. சில பிள்ளைகள் தாமாகவே தேறிவிடும். சிலதுக்குப் பிறகு வாசிப்பும் எழுத்தும் கஷ்டப்படும். சிலதுக்கு ஓட்டிசம் இருக்கலாம். எது எதென்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க ஏலாது.

ஒரு வயதில் பேரைக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், வேண்டியதை விரலால் காட்டப் பழக வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்கள், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர வேண்டும். மூன்று வயதில் பக்கத்து லயத்து ஆள் கேட்டாலும் பெரும்பாலும் விளங்க வேண்டும். இதெல்லாம் வராவிட்டால் தடுப்பூசி பதிகிற கிளினிக் புத்தகத்தோடு மிட்வைப் அம்மாவிடம் போங்கள். பேசின பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் ஒரு நாளும் பிந்தாதீர்கள். காதில் சீழ் கண்டால் எண்ணெய் ஊற்றவே வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வரும்போது களைப்புதான், தெரியும். ஆனாலும் போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்காமல், அடுப்படியில் பக்கத்தில் வைத்து "இது வெங்காயம், உரிப்பமா?" என்று பேசுங்கள். பிள்ளைக்காம்பரா ஆயாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு எப்படி இருக்கிறது என்பதை நாள் முழுக்கப் பார்க்கிறவர் அவர்தான்.