வாடகை வீட்டுக் கெடு முடிகிறதா?

வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கும். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை காலம் என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலும் 11 மாதம் என்று போடுவார்கள்.

கெடு முடிந்ததும் என்ன ஆகும்? "இருந்துகொள்ளுங்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பலர் இருந்துவிடுகிறார்கள். சிலர் பழைய தாளில் தேதியை மட்டும் அடித்துத் திருத்துகிறார்கள். இரண்டுமே நல்லதல்ல.

வாய்ச்சொல் போதுமா?

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதைப் பற்றிச் சொல்கிறது. கெடு முடிந்த பிறகும் வீட்டுக்காரர் வாடகை வாங்கினால், குடியிருப்பு தொடரும். ஆனால் மாதத்துக்கு மாதம் என்ற கணக்கில்தான் தொடரும். மாநிலச் சட்டம் வேறு பாதுகாப்புத் தராவிட்டால், 15 நாள் முன்பாக எழுத்தில் அறிவித்துக் காலி செய்யச் சொல்லலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் திடீரென்று எங்கே வீடு தேடுவது?

அதனால் கெடுவை எழுத்தில் நீட்டிக்க வேண்டும்.

எப்படி நீட்டிப்பது?

1. கெடு முடிய இரண்டு, மூன்று மாதம் இருக்கும்போதே வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்.

2. புதிய வாடகையையும் புதிய காலத்தையும் பேசி முடிக்க வேண்டும்.

3. முத்திரைத்தாளில் புதிய ஒப்பந்தம் எழுத வேண்டும். பழைய முன்பணம் எவ்வளவு என்றும், அது வீட்டுக்காரரிடமே இருக்கிறது என்றும் கட்டாயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால், காலி செய்யும்போது அந்தப் பணத்துக்குச் சண்டை வரும்.

4. முழுவதும் படித்த பிறகே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போடுவது நல்லது. ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவு செய்ய வேண்டுமா?

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்தான 4 மாதத்துக்குள் பத்திரத்தைக் கொண்டுபோக வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்கவே 11 மாதம் என்று எழுதுகிறார்கள். ஆனால் எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. மகாராஷ்டிராவில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, எவ்வளவு குறைந்த காலமானாலும் பதிவு செய்ய வேண்டும். அந்தந்த ஊர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

என்னென்ன செலவு?

முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதும் கூலி ஆகியவை முக்கியமான செலவுகள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேறு பேச்சு இல்லாவிட்டால், முத்திரைக் கட்டணம் குடியிருப்பவரின் பொறுப்பு என்கிறது 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம். பாதிப் பாதி என்றும் பேசிக்கொள்ளலாம். முத்திரை குறைந்தால் அந்தப் பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாது. குறைந்த தொகையையும் அபராதத்தையும் கட்டிய பிறகுதான் அதைச் சாட்சியமாக ஏற்பார்கள்.

வாடகை உயர்வும் ஒரு செலவுதான். வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு 5 ரூபாய் கூட்டினால், மாதம் 300 ரூபாய் கூடும். 11 மாதத்தில் 3,300 ரூபாய் ஆகும். ஐந்து மாத வாடகை முன்பணம் என்றால், அதிலும் 1,500 ரூபாய் கூடுதலாகக் கேட்கலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே சம்மதிக்க வேண்டும்.

நீட்டிக்க மறுத்தால்?

2021இல் மத்திய அரசு மாதிரி வாடகைச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. ஒரு மாநிலம் ஏற்றால்தான் அது அங்கே செல்லும். குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. நீட்டிக்காமல் கெடு தாண்டித் தங்கினால், முதல் இரண்டு மாதம் இரு மடங்கு வாடகை. பிறகு நான்கு மடங்கு. 6,000 ரூபாய் வாடகை 24,000 ரூபாய் ஆகிவிடும்!

சிக்கல் வந்தால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.

பேசிப் பார்ப்போம்

1. வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால் என்ன நட்டம் வரும்?
2. புதிய ஒப்பந்தத்தில் பழைய முன்பணத்தை ஏன் எழுத வேண்டும்?
3. வாடகை 4,000 ரூபாய். 100க்கு 5 ரூபாய் கூட்டினால் புதிய வாடகை எவ்வளவு?