கோடிகளை மிஞ்சிய கணக்கு: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

பெங்களூரின் அடுகோடியிலிருந்து ஓசூர் ரோட்டைப் பிடித்தால் சின்னசாமி மைதானம் சில கிலோமீட்டர்தான். 'ஈ சலா கப் நம்தே' (இந்த முறை கோப்பை நமதே) என்று இந்த வட்டாரமே தொண்டை கிழியக் கத்தி, 18 சீசன்களாகக் காத்திருந்த ஐபிஎல் கோப்பை, 2025 ஜூன் 3 அன்று கைக்கு வந்தது. இறுதிப் போட்டியில் பஞ்சாபை 6 ரன்னில் வீழ்த்தியது பெங்களூரு அணியான ஆர்சிபி! கோலியின் கண்ணீரை எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பின்னால் இருந்த கணக்கைப் பார்த்தோமா?

அதிக விலை கொடுத்தால் கோப்பை வராது, தெரியுமா?
அந்த சீசனுக்கான ஏலத்தில் ரிஷப் பந்துக்கு லக்னோ கொடுத்தது 27 கோடி ரூபாய். வெங்கடேஷ் ஐயருக்கு கொல்கத்தா கொடுத்தது 23.75 கோடி. இரண்டு அணிகளும் பிளேஆஃபை எட்டவே இல்லை! கையில் 83 கோடியோடு ஏலத்துக்குப் போன ஆர்சிபி, ஹேசல்வுட்டுக்குக் கொடுத்த 12.5 கோடிக்கு மேல் அங்கே யாருக்கும் தரவில்லை. கர்நாடகத்தின் கே.எல். ராகுலையே 14 கோடிக்கு டெல்லிக்கு விட்டுக்கொடுத்தது!

ஒரு விக்கெட்டின் விலை 12 பந்து, தெரியுமா?
டி20-யில் 120 பந்து, 10 விக்கெட். வகுத்துப் பாருங்கள்: 12 பந்துக்கு ஒரு விக்கெட் போனாலும் ஆட்டம் முழுக்க அணி தாங்கும். அப்படியானால் 40 பந்தில் 40 ரன் எடுப்பவரைவிட, 10 பந்தில் 25 அடித்து அவுட் ஆகிறவர் அணிக்கு அதிகம் உதவுகிறார். சராசரி இதைச் சொல்லாது. ஸ்ட்ரைக் ரேட் சொல்லும்!

1.5 கோடிக்கு வந்த புயல் தெரியுமா?
ஸ்ட்ரைக் ரேட்டின் மதிப்புக்குச் சாட்சி ஆர்சிபியின் ரொமாரியோ ஷெப்பர்ட். மே 3, சின்னசாமி, எதிரே சென்னை. கலீல் அகமது வீசிய 19-வது ஓவரில் மட்டும் 33 ரன்! 14 பந்தில் ஆட்டமிழக்காமல் 53. ஆர்சிபி வென்றது வெறும் 2 ரன்னில். இறுதிப் போட்டியின் நாயகன் குருணால் பாண்டியாவோ 5.75 கோடிக்கு வந்தவர். 4 ஓவர், 17 ரன், 2 விக்கெட்!

பெவிலியனில் இருந்த மூளைகள் தெரியுமா?
இயக்குநர் மோ போபாட், புள்ளிவிவர ஆய்வாளர் ஃப்ரெடி வைல்டு, பேட்டிங் பயிற்சியாளராக நம் சென்னையின் தினேஷ் கார்த்திக்! இவர்கள் பின்னால் நிற்க, லீக் சுற்றில் வெளியூர் ஆட்டங்கள் ஏழையும் வென்ற முதல் ஐபிஎல் அணியானது ஆர்சிபி.

இந்தக் கணக்குக்கெல்லாம் முன்னோடி பேஸ்பால், தெரியுமா?
2002-ல் ஓக்லாந்து அணியின் சம்பளச் செலவு, நியூயார்க் யாங்கீஸ் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த அணியின் பொது மேலாளர் பில்லி பீன், நட்சத்திரங்களை விட்டுவிட்டு, எப்படியாவது பேஸை எட்டிவிடும் ஆட்டக்காரர்களை மலிவாக வாங்கினார். தொடர்ந்து 20 வெற்றி! சீசன் முடிவில் இரண்டு அணிகளும் சரிசமமாக 103 வெற்றி!

அடுத்த ஆண்டே நம்மவர் களத்தில், தெரியுமா?
2003 உலகக் கோப்பையில் இந்திய அணியின் ஆட்டங்களைக் கணினியில் அலசியவர் சென்னையின் ராமகிருஷ்ணன். 'ஸ்போர்ட்ஸ் மெக்கானிக்ஸ்' என்ற விளையாட்டு ஆய்வு நிறுவனத்தை உருவாக்கியவரும் அவரே.

அடுகோடித் தெருக்களில் பேட் பிடிக்கும் பிள்ளைகளே, பேட்டோடு ஒரு நோட்டும் வாங்குங்கள். யார் எத்தனை பந்தில் எத்தனை ரன் எடுத்தார் என்று எழுதிவையுங்கள். உங்கள் டீமின் உண்மையான நட்சத்திரம் யார் என்று அந்த நோட்டு சொல்லிவிடும்!