ஆய்வு மூலமும் அதன் எழுத்துவகையும்: ‘என் சரித்திர’த்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பதிப்பு வரலாறு குறித்த ஆய்வேடுகளில் தன்வரலாறு, முகவுரை, கடிதம், நூற்பட்டியல் ஆகியன பலவேளைகளில் ஒரே தரத்துச் சான்றுகளாகக் கையாளப்படுகின்றன. ஒவ்வோர் எழுத்துவகையும் எதற்குச் சான்றாக நிற்கும், எதற்கு நில்லாது என்பதைச் சீவகசிந்தாமணிப் பதிப்புடன் தொடர்புடைய மூலங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துவகை, தன்வரலாறு, முகவுரை, கடிதம், நூற்பட்டியல், பதிப்பு வரலாறு

முன்னுரை

எழுத்தை வகைப்படுத்தி அறிவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டோடு அமையாது உரை, பிசி, முதுசொல் முதலியவற்றையும் சேர்த்து எழுநிலம் காண்கிறது. பாட்டியல் நூல்கள் சிற்றிலக்கிய வகைகளுக்கு உறுப்பும் பொருளும் வரையறுக்கின்றன. உலாவில் ஏழு பருவ மகளிரும் தலைவனைக் கண்டு மயங்குவதை எவரும் நடந்த செய்தியாகக் கொள்வதில்லை; அஃது அவ்வகையின் இலக்கணம் என்பதை இளங்கலை மாணவரும் அறிவர். செய்யுளிடத்துக் காட்டப்படும் இவ்விழிப்பு, உரைநடை மூலங்களிடத்துத் தளர்ந்துவிடுகிறது. ‘உ.வே.சா. கூறுகிறார்’ என்று தொடங்கி மேற்கோள் தரும் ஆய்வேடுகள், அவர் அதனை எந்த வகை எழுத்தில், எந்த வயதில், யாரை நோக்கிக் கூறினார் என்று வினவுவது அரிது.

தன்வரலாறு

உ.வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்தித்தது 1880 அக்டோபர் 21. அப்போது அவருக்கு வயது 25. தாம் கற்ற நூல்களை அவர் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றில் நாட்டங்கொள்ளாமல் சிந்தாமணியைப் பற்றி வினவியதும், அவ்வினா அவர் வாழ்வைத் திருப்பியதும் தமிழுலகம் நன்கறிந்தவை. ஆனால் இந்நிகழ்ச்சியை இன்று அனைவரும் எடுத்தாளும் வடிவில் தரும் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் 1942இல் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது, 1950இல் நூலாயிற்று. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உள்ளன.

இவ்விடைவெளியால் நூல் நம்பத்தகாதது ஆகிவிடாது. சந்திப்பு நாள் வியாழக்கிழமை என்று நூல் குறிக்கிறது. 1880 அக்டோபர் 21 வியாழக்கிழமையே என்பதைப் பஞ்சாங்கக் கணக்கும் உறுதிசெய்கிறது. நாளும் கிழமையும் பொருந்துவது, நினைவை மட்டுமன்றி எழுதிவைத்த குறிப்பையும் ஆசிரியர் பயன்படுத்தியிருக்கலாம் என்று கருத இடந்தருகிறது. உரையாடலின் நிலை வேறு. மேற்கோட்குறிகளுக்குள் வரும் முதலியாரின் சொற்கள் வார இதழ் வாசகருக்காகக் காட்சிப்படுத்தப்பட்டவை. அவற்றை 1880ஆம் ஆண்டின் சொற்களாக எடுத்தாளும் ஆய்வாளர், தன்வரலாற்றின் மரபை ஆவணத்தின் மரபாகப் பிறழக் கொள்கிறார். நாளை ஏற்கலாம், சொற்களை 1940களின் நினைவுகூரலாகவே சுட்டவேண்டும்.

முகவுரையும் கடிதமும்

சிந்தாமணி முதற்பதிப்பு 1887இல் வந்தது. 1907, 1922 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் வந்தன. முகவுரை நிகழ்ச்சிக்கு அணுக்கமானது என்பது அதன் வலிமை. ஏடு உதவியோர் பெயர்களையும் ஊர்களையும் குறிப்பது அவர் கைக்கொண்ட முறையாதலால், சுவடிகள் எங்கெங்கு இருந்தன என்பதை அறிய அதனினும் நல்ல மூலம் அரிது. ஆயினும் முகவுரை நன்றி நவிலும் எழுத்து. ஏடு தர மறுத்தவரையும் பிணக்கையும் அதில் தேடுவது பயன் குறைந்த வேலை. அவற்றுக்குத் தன்வரலாறே இடந்தருகிறது. எல்லா முகவுரைகளும் இத்தகையன என்றும் கூறவியலாது. சி.வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகள் சுவடிகளின் அழிவுக்கு இரங்குவதோடு வாதமும் புரிகின்றன. அவை ‘தாமோதரம்’ என்னும் தொகுப்பாகக் கிடைப்பதால் இருவரையும் ஒப்பிடுதல் எளிது.

கடிதம் இவ்விரண்டினும் வேறானது. பின்னால் நேரவிருப்பதை அறியாமல் எழுதப்படுவது அதன் சிறப்பு. 1877 முதல் 1900 வரை உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்து 2018இல் ‘உ.வே.சா. கடிதக் கருவூலம்’ என்னும் பெயரில் வெளிவந்தன. சிந்தாமணிக் காலம் முழுமையும் இதனுள் அடங்கும். எனினும் அவை வந்த கடிதங்கள். ஐயர் எழுதியவற்றைப் பெற்றவர்களின் குடும்பங்களிலும் நூலகங்களிலும் தேடவேண்டும். ஒரு பக்கத்துக் குரலை உரையாடலாகக் கொள்ளுதல் கூடாது.

பட்டியல்களில் தேடுதல்

நூல் எப்போது, எத்தனை படி அச்சாயிற்று என்பதற்கு ஆசிரியர் கூற்றைவிட அரசுப் பதிவு வலுவுடையது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் வெளியான காலாண்டுப் பட்டியல்கள் பக்கம், விலை, படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தருகின்றன. அதற்கு முற்பட்ட நூல்களுக்கு ஜான் மர்டாக்கின் 1865ஆம் ஆண்டுப் பட்டியலும், பொதுவான ஒப்பீட்டுக்குப் பார்னெட்டும் போப்பும் தொகுத்த 1909ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பட்டியலும் துணைபுரியும். நூலின் படியை நேரிற்காண ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சா. நூலகம், மறைமலையடிகள் நூலகம் ஆகியவற்றை நாடலாம். மின்பதிப்பை மட்டும் கண்டு எழுதுவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: தட்டச்சு செய்யப்பட்ட பாடத்தில் பலவேளை முகப்புப் பக்கமும் முகவுரையும் விடுபட்டிருக்கும். பதிப்பு வரலாற்று ஆய்வாளருக்கு நூலின் உயிர் அவ்விரண்டிலேயே உள்ளது.

முகப்புப் பக்கத்திலும் ஓர் இடர் உண்டு. பழைய நூல்கள் பலவற்றில் தமிழாண்டின் பெயர் மட்டுமே அச்சாகியுள்ளது. ‘சர்வசித்து’ என்பது 1887 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1888 ஏப்ரல் நடுவில் முடிவது. மாதம் தெரியாதபோது இரண்டு ஆங்கில ஆண்டுகளையும் சுட்டவேண்டும். அறுபதாண்டுச் சுழற்சியில் அதே பெயர் 1947இலும் வருகிறது. அச்சகத்தின் பெயரையும் எழுத்துருவையும் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே இரண்டில் எது என்று எழுதுதல் வேண்டும்.