உங்களுக்குத் தெரியுமா? வகுப்பறையில் தொழில்நுட்பம்

● இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளாரின் இந்நூல், 1578இல் கொல்லத்தில் அச்சானது. அன்றைய புதிய கல்வித் தொழில்நுட்பம் அச்சுதான்!

● தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ இயங்குதளமும் இருந்தது.

● 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் உள்ளன. கைப்பேசியில் வருடினால் பாடக் காணொளி விரியும். தூத்துக்குடி – நெல்லைச் சாலையிலுள்ள புதுக்கோட்டை மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் பாடம் ஒன்றே. ஆனால் வீட்டில் திறன்பேசியும் இணையமும் வேண்டுமே!

● அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது, 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி. கொரோனா ஊரடங்கில் இணையமில்லா வீடுகளுக்கும் அது பாடம் கொண்டுசென்றது.

● ‘ஜிகாம்ப்ரி’ என்ற கட்டற்ற மென்பொருள் சிறுவர்களுக்கு எண், எழுத்து, அறிவியல் விளையாட்டுகளைத் தருகிறது. ஒருமுறை நிறுவினால் இணையமின்றியே இயங்கும். பழைய கணினி உள்ள பள்ளிகள் அவசியம் முயலலாம், கட்டணம் ஏதுமில்லை.