பிள்ளையிடமே கேட்க வேண்டிய கேள்விகள்

கோவில்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற, ஹாக்கி மட்டையைக் கீழே வைக்காத ஒரு பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை இரண்டு, இரண்டரை வருடம் நீளும். திருநெல்வேலி, மதுரை, சில சமயம் இரவு ரயிலேறி சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று அலைய வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, எடை, மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் அவனுடைய ஃபைலில் ஏறிக்கொண்டே இருக்கும். அவனுடைய நாட்கள் எப்படிப் போகின்றன என்பது மட்டும் அதில் இருக்காது.

அதையும் அளக்க முடியும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னி உருவாக்கிய பெட்ஸ்க்யூஎல் என்ற வினாத்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. உடல், மனம், நட்பு, பள்ளி என நான்கு பகுதிகள், மொத்தம் 23 கேள்விகள். ஓடுவது சிரமமாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்களா, பாடம் மறந்துபோகிறதா என்று கேட்கும். கடந்த ஒரு மாதத்தில் அந்தத் தொந்தரவு ஒருபோதும் இல்லை என்றால் 100 புள்ளி, எப்போதும் இருந்தது என்றால் 0. நடுவில் 75, 50, 25. இவற்றின் சராசரி கூடக்கூட வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று பொருள். புற்றுநோய்க்கென்று தனியாக 27 கேள்விகள் கொண்ட தாளும் உண்டு. குமட்டல், ஊசிப் பயம், நோய் திரும்பிவிடுமோ என்ற கவலை, தோற்றம் பற்றிய கூச்சம், மருத்துவரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா என்பதெல்லாம் அதில் வரும்.

மொத்தப் புள்ளியை மட்டும் பார்க்கக் கூடாது. நம் பையனுக்கு ஆறு மாதத்தில் உடல் பகுதி 50இலிருந்து 75 ஆகிறது. பள்ளிப் பகுதி 60இலிருந்து 40க்கு இறங்குகிறது. மற்ற இரண்டு பகுதிகளும் மாறாவிட்டால், உடலுக்கு 8 கேள்விகள், பள்ளிக்கு 5 என்பதால் மொத்தப் புள்ளி 4க்குச் சற்று மேல் கூடிவிடும். தேறிவிட்டான் என்று எல்லோரும் நிம்மதி அடைவோம். அவனோ வகுப்பில் பின்தங்கிக்கொண்டிருப்பான்.

யாரைக் கேட்பது? 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குத் தனித் தாள், பெற்றோருக்கு வேறு தாள். காய்ச்சலும் வாந்தியும் பெற்றோர் கண்ணில் படும். பயமும் வெட்கமும் படாது. பிள்ளையும் சொல்லாது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு லீவு போட்டு, அன்றைய கூலியையும் இழந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம், "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் அவன் சொல்வான். கரிசல்காட்டு வீடுகளில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். அதனால் தாளைப் பிள்ளை தனியாக உட்கார்ந்து நிரப்புவதுதான் முறை. இரண்டு தாளும் ஒத்துப்போகாவிட்டால் யாரும் பொய் சொன்னதாக ஆகாது. எங்கே முரண்படுகிறதோ, அங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

வீட்டுக் கடன், பஸ் செலவு பற்றி இந்தத் தாள்கள் கேட்பதில்லை. தன்னால்தான் இந்தச் செலவு என்ற குற்ற உணர்வு வளரிளம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கக்கூடும். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய்த் திட்டம், 2030க்குள் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளைப் பிழைக்க வைப்பதோடு, எல்லாப் பிள்ளைகளின் துன்பத்தையும் குறைப்பதை இலக்காக வைத்திருக்கிறது. அந்த இரண்டாம் பாதி நிறைவேற, தாளில் வந்த பதிலுக்கு மருத்துவமனை ஏதாவது செய்தாக வேண்டும். குமட்டல் அதிகமென்றால் அதை அடக்கத் தரும் மருந்தை மாற்றலாம். ஊசிப் பயத்துக்கு, குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. பள்ளிப் புள்ளி இறங்கினால் வகுப்பாசிரியரிடம் பேசலாம். சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு மறதியும் கவனக் குறைவும் நீடிப்பதால், அடுத்த சில வருடங்களிலும் இதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும்.