சபாரி: காட்சிப் பண்டமான நிலமும் வெளியேற்றப்பட்ட மனிதரும்

கிழக்காபிரிக்க வனவிலங்குப் பிரதேசங்களுக்கு வழிகாட்டியுடன் மேற்கொள்ளப்படும் உல்லாசப் பயணங்கள் 'சபாரி' என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றன. அறபு மொழியின் வழி சுவாஹிலியிற் புகுந்த இச்சொல் பயணம் என்னும் பொதுப்பொருளையே உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உள்நாட்டிலிருந்து யானைத் தந்தத்தைச் சுமந்து கடற்கரைக்கு நடந்த சுமைகாரரின் பயணமும் சபாரியே. உழைப்போரின் நடையைக் குறித்த சொல் ஓய்வுடையோரின் பொழுதுபோக்கைக் குறிப்பதாக மாறியமை வெறும் மொழியியற் செய்தியன்று. அதன் பின்னால் நிலவுடைமையின் வரலாறொன்று உண்டு. அதனைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சபாரியின் முதல் வடிவம் வேட்டையாகும். அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து விலகிய தியடோர் ரூஸ்வெல்ற் 1909-1910 இல், நூற்றுக்கணக்கான சுமைகாரர் புடைசூழ, கிழக்காபிரிக்காவிலே வேட்டையாடினார். அவரும் அவர் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512 ஆகும். பணங்கொடுத்து அனுமதிப்பத்திரம் பெற்ற வெள்ளையரின் வேட்டை 'விளையாட்டு' எனப்பட்டது. உணவுக்காக ஆபிரிக்கர் மரபாக ஆடிவந்த வேட்டையோ களவு எனச் சட்டமாயிற்று. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகியவற்றைப் 'பெரும் ஐந்து' என இன்றைய வழிகாட்டிகள் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். கால்நடையாகச் சென்று வேட்டையாடுவதற்கு மிக ஆபத்தானவை என்று வேட்டைக்காரர் வகுத்த பட்டியலே அது. துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக்கருவி பெற்ற பின்னரும் வேட்டையின் சொற்கள் மறையவில்லை.

பயணி காணும் 'மனிதர் தீண்டாத இயற்கை' எவ்வாறு தோன்றியது என்பது அடுத்த வினாவாகும். 1890களிலே பரவிய மாட்டுக் கொள்ளைநோய் மாசாய் மக்களின் மந்தைகளை அழித்தது. பஞ்சமும் அம்மையும் தொடர்ந்தன. ஐரோப்பியர் 'வெறுநிலம்' எனக் கண்டது இவ்வழிவுக்குப் பிந்திய நிலத்தையே. 1904 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் பிளவுப் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நிலங்களையும், 1911 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் லைக்கிப்பியாவையும் மாசாய் மக்கள் இழந்தனர். அவர்கள் தொடுத்த வழக்கு, அவ்வொப்பந்தங்கள் இரு அரசுகளுக்கிடையிலானவை, ஆதலின் நீதிமன்றத்தின் விசாரணைக்கு உட்படாதவை என்ற காரணத்தால் 1913 இலே தள்ளுபடியாயிற்று. லைக்கிப்பியாவில் வெள்ளையர் அமைத்த பண்ணைகள் பல இன்று தனியார் வனவிலங்குக் காப்பகங்களாகிச் சபாரி விடுதிகளை நடத்துவது மனங்கொள்ளத்தக்கது.

செரெங்கெட்டியின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அப்பெயரே மாசாய் மொழியிலிருந்து வந்ததெனக் கூறப்படுகின்றது. 1951 இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1958 இலே மூத்தோர் பன்னிருவரின் ஒப்புதல் பெறப்பட்டு, மாசாய் மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டனர். கொரொங்கோரோவில் வாழும் உரிமை ஈடாக அளிக்கப்பட்டது. பேர்ண்ஹார்ட் கிர்சிமெக் தம் மகனுடன் எடுத்த 'செரெங்கெட்டி சாகலாகாது' என்ற ஜேர்மன் திரைப்படம் 1959 இல் வெளிவந்து ஒஸ்கார் பரிசு பெற்றது. விலங்குகளின் அழிவைப் பற்றிய அவரது அச்சம் உண்மையானதே. ஆயினும் காட்டு விலங்கின் இறைச்சியைப் பொதுவாக உண்ணாத, அவ்விலங்குகளுடன் ஒரே புல்வெளியைப் பகிர்ந்து வாழ்ந்த இடையர் சமுதாயத்தையே அந்நிலத்தின் பகையாகக் காணும் நோக்கு அதனால் வலுவுற்றது.

சுதந்திரம் இம்முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட புதிய அரசுகள் பூங்காக்களைப் பேணி விரித்தன. 1967 இல் அருஷா பிரகடனத்தின் மூலம் சோஷலிசப் பாதையைத் தெரிந்துகொண்ட தன்சானியாவிலே, உல்லாசப் பயணத்துறை சோஷலிசத்துடன் பொருந்துமா என்ற விவாதம் 1970 இல் எழுந்தது. அதனைத் தொகுத்து ஈசா சிவ்ஜி 1973 இலே நூலாக்கினார். பயணியின் செலவில் எவ்வளவு நாட்டினுள் தங்குகின்றது, ஏவல் செய்தே பிழைக்கும் மக்களின் மனப்பாங்கு யாதாகும் என அன்று கேட்கப்பட்ட வினாக்கள் இன்னும் பழமையடையவில்லை. கென்யாவிலே இவ்வினாவை இலக்கியம் எழுப்பிற்று. கூகி வா தியோங்கோவின் 'குருதி இதழ்கள்' (1977) என்னும் நாவலில், இல்மோரொக் கிராமம் முதலாளித்துவ நகராக மாறுகையில், மக்களின் பண்பாடே உல்லாசப் பயணிகளுக்கான விற்பனைப் பொருளாகின்றது.

இது கடந்தகாலக் கதையுமன்று. தன்சானியாவின் லொலியொண்டோவிலே 1992 இல் அரபு அமீரக நிறுவனமொன்றுக்கு வேட்டை உரிமை வழங்கப்பட்டது. 2022 யூனிலே அங்கு 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்தை எல்லையிட வந்த பாதுகாப்புப் படையினருக்கும் மாசாய் மக்களுக்குமிடையில் மோதல் நிகழ்ந்தது. பலர் காயமுற்றனர், பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டில் கொரொங்கோரோ மக்களை ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ம்சொமேராவுக்கு இடம்பெயர்க்கும் திட்டமும் தொடங்கிற்று. 1958 இல் ஈடாகக் கொடுக்கப்பட்ட நிலத்திலிருந்தே இவ்விரண்டாவது வெளியேற்றம் நிகழ்கின்றது.

இவற்றால் வனவிலங்குப் பாதுகாப்பு வேண்டாததென்பது பெறப்படாது. யானைத் தந்தக் களவின் கொடுமையை எவரும் மறுத்தற்கில்லை. மாசாய் மாராவைச் சூழ்ந்த பகுதிகளிலே மக்கள் தம் நிலத்தைக் காப்பகங்களுக்குக் குத்தகைக்கு விட்டு வருமானம் பெறும் முறையும் வளர்ந்துள்ளது. எனினும் குத்தகையை முடிவுசெய்யும் வலிமை இருதரப்பாருக்கும் சமமானதன்று. விலங்கா மனிதரா என்று வினவுவது பிரச்சினையைத் திசைதிருப்புவதாகும். நிலம் எவருடையது, அதன் பயன்பாட்டைத் தீர்மானிப்போர் எவர் என்பனவே அடிப்படை வினாக்கள். 1913 இல் நீதிமன்றம் கேட்க மறுத்த வழக்கும் இதுவே.