அபினி வகை மாத்திரைகளும் நம் குடும்பங்களும்

சில மாதங்களுக்கு முன்பு நமது சங்க அலுவலகத்திற்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். நெடுங்காலம் அங்கத்தினராயிருந்து காலஞ்சென்ற நெசவாளர் ஒருவரின் மனைவி. அவர் நீட்டிய கடன் மனுவில் 'தறி பழுது பார்ப்பதற்கு' என்று எழுதியிருந்தது. தறிக்கு என்ன பழுது என்று கேட்டபோது சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "தறிக்கு ஒன்றுமில்லை ஐயா, பையனுக்குத்தான்" என்றார்.

பையனுக்கு வயது 22. இராப் பாளியில் வேலை செய்யும்போது உடல் வலிக்கென்று நண்பன் ஒருவன் கொடுத்த மாத்திரையில் தொடங்கிய பழக்கம், ஓராண்டில் அம்மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அம்மையார் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லவில்லை; உறவினரிடமும் சொல்லவில்லை. சுவரொட்டி ஒன்றில் கண்ட 'மறுவாழ்வு இல்லம்' ஒன்றிற்கு இருந்த நகையை விற்றுப் பணம் கட்டியிருந்தார். அங்கிருந்து பையன் மீண்டு வந்த மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. இரண்டாம் முறை கட்டுவதற்குத்தான் இந்தக் கடன்.

இது ஒரு வீட்டுக் கதையன்று என்பதை நம் அங்கத்தினர் பலர் அறிவர். அறிந்தும் வெளியில் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டில் மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பின்படி, ஓராண்டுக் காலத்திற்குள் அபினி வகைப் பொருளைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் பேர். அவற்றில் ஹெராயின் முதலிடம் வகிக்க, அதற்கு அடுத்தபடியாக நிற்பது மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரையே. வயலில் விளையும் அபினி மூன்றாமிடத்திற்குச் சென்றுவிட்டது.

அபினி என்பது கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற விவசாயிகள் மட்டுமே அதைப் பயிரிடலாம். நீமச், காஜிப்பூர் ஆகிய ஊர்களிலுள்ள அரசாங்கத் தொழிற்சாலைகளில் அதனைப் பக்குவம் செய்கிறார்கள். அபினியிலிருந்து கிடைப்பது மார்பின். மார்பினிலிருந்து செய்வது ஹெராயின். செடியே இல்லாமல் இரசாயன முறையில் செய்யப்படும் டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் உடலில் அதே வாசற்படியில்தான் நுழைகின்றன. டிரமடாலை 2018ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் போதைப் பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் போலீசார் கைப்பற்றும் மாத்திரைகளுள் டபென்டடாலின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புற்றுநோயிலும் டாக்டரின் மேற்பார்வையில் கொடுக்கும்போது இவை பெரும் நன்மை செய்யும் மருந்துகள் என்பதையும் மறத்தலாகாது. மருந்தின் மீது பழி சுமத்திப் பயனில்லை.

இம்மருந்துகள் மூளையில் வலியுணர்ச்சியை அடக்குவதோடு, மூச்சை நடத்தும் நரம்பு மையத்தையும் அடக்குகின்றன. அளவு மிகுந்தால் மனிதன் மூச்சு விட 'மறந்து' போகிறான். மதுவோ தூக்க மாத்திரையோ உடன் சேர்ந்தால் சிறிய அளவே பேரளவாகிவிடும். பொடித்த மாத்திரையை ஊசியில் ஏற்றுவோருக்கு வேறொரு கேடும் உண்டு. மாத்திரையை உருட்டுவதற்குச் சேர்க்கும் மாவுப் பொருள்கள் இரத்தத்தில் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கின்றன; ஊசி குத்திய இடம் சீழ் பிடிக்கிறது; ஊசியை ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலை வகைகளும் பரவுகின்றன.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது ஆபத்து நேரத்தின் அடையாளம். ஆள் எழுப்பினால் எழவில்லை. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது. மூச்சு மிக மெதுவாக, நின்று நின்று வருகிறது. உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்திருக்கின்றன. இவற்றுடன் தொண்டையில் ஒரு கரகரப்பு அல்லது ஆழ்ந்த குறட்டை கேட்கும். இந்தக் குறட்டையைத்தான் பல வீடுகளில் தவறாக எண்ணிவிடுகிறார்கள். 'நன்றாகத் தூங்குகிறான், தெளிந்து எழுந்திருப்பான்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். அது தூக்கமன்று, மூச்சு அடைபடும் ஓசை.

உடனே 108க்குத் தெரிவிக்க வேண்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் இந்த ஆம்புலன்ஸ் ஊர்தி வரும் வரையில் வீட்டார் சும்மாயிருக்கலாகாது. தோளைத் தட்டி உரக்கப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மூச்சு மிகக் குறைந்திருந்தால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, 5 விநாடிக்கு ஒரு முறை மார்பு உயரும்படி வாயில் ஊத வேண்டும். மூச்சு அறவே நின்று அசைவற்றுக் கிடந்தால், மார்பின் நடுவே இரு கைகளாலும் அழுத்தி அழுத்தி விட வேண்டும். அந்த முறையைத் தொலைபேசியில் பேசுவோரிடமே கேட்டுச் செய்யலாம். மூச்சு ஒழுங்காக வந்தும் நினைவு திரும்பவில்லையென்றால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போகாது. உப்பு நீர், மோர், எலுமிச்சைச் சாறு என எதையும் வாயில் ஊற்றக் கூடாது. வாந்தி எடுக்கவைக்க முயலுவதும், கிணற்றடியில் கொண்டுபோய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் பொழுதை வீணாக்கி உயிரை வாங்கும் காரியங்கள்.

ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது மாத்திரை அட்டை கிடைத்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன உட்கொண்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். 'காய்ச்சல், மயங்கிவிட்டான்' என்று சொல்லி அரை மணி நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. இந்த மயக்கத்திற்கு நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. அபினி வகை மருந்து பற்றிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும் இயல்புடையது; சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் இதனை மூக்கில் பீய்ச்சும் மருந்தாக, 2023 முதல் டாக்டர் சீட்டின்றியே கடையில் வாங்கிக் குடும்பத்தார் வீட்டில் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இடப்படும் ஊசி மருந்து. ஆதலின் நமக்கு ஊர்தியின் வேகமே மருந்தின் வேகம். நலாக்சோனின் வலிமை ஒன்றரை மணி நேரத்திற்குள் தேய்ந்துவிடும். உட்கொண்ட மருந்தோ அதன் பின்னும் உடலில் நிற்கக்கூடும். பையன் கண் விழித்துவிட்டான் என்று உடனே அழைத்துக்கொண்டு வீடு திரும்புவது அபாயம்.

'போலீஸ் கேஸ் ஆகிவிடுமே' என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. உயிருக்குப் போராடும் எவருக்கும், அரசாங்க டாக்டராயினும் தனியார் டாக்டராயினும், முதலில் சிகிச்சை செய்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்திருக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு மற்றொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்திற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்டவர், அரசாங்கம் நடத்துகின்ற அல்லது அங்கீகரித்த நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அக்குற்றத்திற்காக வழக்கை எதிர்கொள்ள வேண்டியதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இச்சலுகை பறிபோகலாம். விற்பனை செய்வோருக்கு இக்கதவு இல்லை, இருக்கவும் கூடாது.

இனி, சிகிச்சை எங்கே என்ற கேள்வி. அந்த அம்மையார் செய்த தவறு, பணம் கேட்ட இடமே நல்ல இடம் என்று எண்ணியது. அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. சுவரொட்டி ஒட்டுகிறவர் சுவரொட்டி ஒட்டுகிறார், அரசாங்க ஆஸ்பத்திரியோ தன்னிடம் இந்தப் பிரிவு இருப்பதைச் சுவரில் எழுதி வைப்பதில்லை. நம் மாநிலத்தில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரும் இருக்கிறார். போதை மீட்புச் சிகிச்சையை அங்கே கேட்டுப் பெறலாம். 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு, மறுவாழ்வு மையங்கள் 2025இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தொடங்கப்பட்டுள்ளன. மத்திய அரசின் மானியத்துடன் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் நிலையங்களும் உள. சென்னையில் 1980ஆம் ஆண்டு சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய டி.டி.கே. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மட்டுமன்றி, மனைவிக்கும் தாய் தந்தையருக்கும் தனியே ஆலோசனை கூறும் முறை தொடக்கம் முதலே முக்கிய இடம் பெற்று வந்திருக்கிறது. அந்நிறுவனத்தார் மஞ்சக்குடி என்னும் கிராமத்தில், குடிப் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு ஊரார் ஒத்துழைப்புடன் முகாம் நடத்திக் காட்டினார்கள். கிராமத்தான் பட்டணத்தைத் தேடிப் போகாமல் சிகிச்சையே கிராமத்திற்கு வந்தது என்பதால் அதனை இங்கே குறிப்பிடுகிறேன்.

தனியார் இல்லத்தில் சேர்க்க நேருமாயின் முதலில் கேட்க வேண்டியது, மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் விளையும் மனநோயையும் தன் வரம்பிற்குள் கொண்டுள்ளது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அச்சட்டம் அறவே தடை செய்கிறது. நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைத்திருக்கவும் கட்டளையிடுகிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றி, சங்கிலியிலிருந்து விடுபட முடியாமல் 28 பேர் மாண்டதை இந்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டார் நினைத்தபோது பார்க்க இயலுமா, என்னென்ன மருந்து கொடுப்பார்கள் என்று கேளுங்கள். கேள்விக்குச் சினந்து பேசுகிற இடத்தில் பிள்ளையை விட்டு வர வேண்டாம்.

மருந்தை நிறுத்திய முதல் நாளிலிருந்தே உடல் முறுக்கு, கொட்டாவி, கண்ணீர், மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தை எட்டிப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். அந்த ஒரு வாரம் கடந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று நம்புவதுதான் பெரும் பிழை. வேட்கை மூளையில் மாதக்கணக்கில் நிற்கிறது. உடலோ பழைய அளவைத் தாங்கும் சக்தியை இதற்குள் இழந்துவிட்டது. முன்பு பத்து மாத்திரை தாங்கிய உடல் இப்போது அதில் பாதியைக்கூடத் தாங்காது. ஆதலின் மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பிய முதல் சில வாரங்களே சாவு மிகுதியாக நேரும் காலம். பழைய நண்பனிடம் பழைய அளவையே வாங்கி உட்கொள்கிறான்; அத்துடன் முடிந்துவிடுகிறது. இதைப் பையனிடமே ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் ஆசை காட்டியதாகும் என்று தயங்குவது தகாது.

இதன் பொருட்டே டாக்டர்கள் பலருக்கு நாக்கின் கீழ் வைக்கும் புப்ரெனார்பின் என்னும் மாத்திரையை மேற்பார்வையில் நீண்ட காலம் கொடுக்கிறார்கள். இதுவும் அபினி வகையைச் சேர்ந்ததே. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று வீட்டார் கேட்பது இயற்கை. ஆனால் இது மெதுவாகப் பற்றி நெடுநேரம் நிற்பதால் வேட்கையும் உடல் முறுக்கும் அடங்குகின்றன. மனிதன் தறியிலோ வயலிலோ ஒழுங்காக வேலை செய்கிறான். மருந்தின் மிகுதியால் சாவோர் தொகையும் குறைகிறது. இரத்த அழுத்தத்திற்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவரை நாம் அடிமை என்பதில்லை. 'போதும், நிறுத்திவிடு' என்று வீட்டார் இடையில் வற்புறுத்தி நிறுத்துவது, மேலே சொன்ன அபாயத்திற்கு நேரே கொண்டுபோய் விடும்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது சிறிதே ஆயினும் பயனுள்ளது. கடன் மனுவில் மருத்துவச் செலவு என்ற காரணத்தை வெட்கமின்றி எழுத இடமளிக்கலாம். சிகிச்சைக்குச் செல்லும் நாள்களில் தறியைப் பிறருக்கு மாற்றிவிடாமல் வைத்திருக்கலாம். செய்தி காரியதரிசியுடன் நிற்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் பேசும் பொருளன்று. அந்த அம்மையாரின் மனுவை நாங்கள் மாற்றி எழுதச் சொன்னோம். தொகையும் குறைந்தது, ஏனெனில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் பஸ் செலவு மட்டுமே தேவைப்பட்டது. பையன் இடையில் ஒரு முறை தவறினான், திரும்பவும் போகிறான்.

எங்கு தொடங்குவது என்று அறியாத குடும்பத்தார், மத்திய அரசாங்கத்தின் போதை மீட்பு உதவி எண்ணாகிய 14446ஐக் கட்டணமின்றி அழைத்து, தங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொல்லி அருகிலுள்ள நிலையத்தைக் கேட்கலாம். மன உளைச்சலால் வாடும் தாய், மனைவி ஆகியோரும் பேசுவதற்கு 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற எண் இருக்கிறது. மூச்சுத் திணறல் கண்டால் இவ்விரண்டும் வேண்டாம், 108 மட்டுமே. இம்மூன்று எண்களையும் அலுவலகத்தில் நூல் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மற்றச் சங்கங்களும் அவ்வாறே செய்யலாம்.